கத்தி இல்லை, ஆனால் வலி உண்டு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மகளிர் குழு சமூகக் கூடத்தில் நடத்திய நலவாழ்வுச் சந்திப்பில், நம் வளாகத்தில் வசிக்கும் தோல் நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையும், அதைத் தொடர்ந்த கேள்வி பதில்களும். பேச்சு நடை பெரிதாக மாற்றப்படவில்லை. இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால், தலைப்பு பலரது மனதிலும் ஏற்கெனவே இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

சில மாதங்களாக நம் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையிலும், காலையில் கதவிடுக்கில் செருகப்படும் நோட்டீஸ்களிலும் ஒரே மாதிரி வாசகங்களைப் பார்த்திருப்பீர்கள். 'கத்தி இல்லை, தையல் இல்லை, ஓய்வு தேவையில்லை. மதிய உணவு இடைவேளையில் இடுப்புச் சதையைக் குறைத்துக்கொண்டு அலுவலகம் திரும்பலாம்.' பாடி கான்டூரிங், ஃபேட் ஃப்ரீசிங், ஹைஃபூ என்று பெயர்கள் மட்டும் மாறும்.

இந்தச் சிகிச்சைகள் மோசடி என்று சொல்ல நான் வரவில்லை. தகுந்த ஆளுக்குத் தகுந்த இடத்தில், பயிற்சி பெற்றவர் நல்ல கருவியில் செய்தால் பலன் தருபவைதான். செய்துகொள்ளுங்கள் என்றோ, செய்துகொள்ளாதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதும் இல்லை. நான் பேச வந்தது, நோட்டீசில் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி. அதாவது, செய்துகொண்ட பிறகு வீட்டில் என்ன நடக்கும், எந்த வலி எந்த நாளில் வரும், எது இயல்பு, எது இயல்பு இல்லை என்பதைப் பற்றி.

இதைப் பேச முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களில் பலர் வீட்டில் சொல்வதில்லை. குண்டாக இருக்கிறோம் என்பதே கூச்சம். அதற்குப் பணம் செலவழித்தோம் என்பது அதைவிடப் பெரிய கூச்சம். அதனால் வலி வந்தாலும் வெளியே சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் பக்க விளைவைவிட, மறைத்து வைக்கும் பக்க விளைவுதான் ஆபத்து.

குச்சி ஐஸில் தொடங்கிய கதை

முதலில் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் வலியும் புரியும்.

1970ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. குச்சி ஐஸ் சப்பிய குழந்தைக்குக் கன்னத்தில், ஐஸ் பட்ட இடத்தில் சிவந்து கட்டியாகி, பிறகு சரியானது. குளிர் பட்டால் தோலுக்கு ஒன்றும் ஆகாமல், அதன் அடியில் உள்ள கொழுப்பு மட்டும் பாதிக்கப்படலாம் என்பதற்கு அது ஒரு தடயம். பல ஆண்டுகள் கழித்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகிய தோல் மருத்துவர்கள் அந்த யோசனையை ஒரு சிகிச்சையாக வளர்த்தார்கள். அதன் பெயர் கிரையோலிபாலிசிஸ். 2010ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இடுப்பின் இரு ஓரங்களுக்கு இதை அனுமதித்தது. பிறகு வயிறு, தொடை, தாடையின் அடி என்று அனுமதி விரிந்தது.

கிண்ணம் போன்ற ஒரு பிடிப்பான் உங்கள் சதையை உறிஞ்சி இழுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை உறைய வைக்கும். தோலை விடக் கொழுப்புச் செல்கள் குளிரைத் தாங்காதவை. அவை அப்போதே கரைந்து ஓடிவிடுவதில்லை. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மெல்ல மடிகின்றன. மடிந்தவற்றை உடலின் துப்புரவுச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துகின்றன. ஒரு முறை செய்தால், செய்த இடத்தில் கொழுப்பு அடுக்கின் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உடலுக்குள் மூன்று மாதம் ஒரு துப்புரவுப் பணி நடக்கிறது. துப்புரவு என்றால் வீக்கம் இருக்கும், எரிச்சல் இருக்கும். அடுக்குமாடியில் குழாய் மாற்றும் வேலை நடந்தால் நாலு நாள் சத்தம் இருப்பது போல. 'ஓய்வு தேவையில்லை' என்று நோட்டீஸ் சொல்வது உண்மைதான். படுத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். வலிக்காது என்பது அல்ல.

மற்ற கருவிகளையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஹைஃபூ என்பது ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துக் கொழுப்பைச் சுடுவது. லேசர், ரேடியோ அலைக் கருவிகளும் சூட்டால்தான் வேலை செய்கின்றன. இவற்றில் வலி பெரும்பாலும் செய்யும்போதே தெரியும். பிறகு சில நாள் முதல் சில வாரம் வரை தொட்டால் நோகும், கன்றிப்போகும், சிலருக்குத் தோலுக்கடியில் சின்னச் சின்ன உருண்டைகள் தட்டுப்படும். காந்த அலையால் தசையைச் சுருங்க வைக்கும் கருவி வேறு வகை. அரை மணி நேரத்தில் சுமார் 20,000 முறை தசையைச் சுருக்கும். பல மாதம் கழித்து ஜிம்முக்குப் போன மறுநாள் போல ஓரிரு நாள் உடம்பு வலிக்கும். அவ்வளவுதான்.

நம் ஊரில் அதிகம் விளம்பரமாவதும், வலி தாமதமாக வந்து ஆளைக் குழப்புவதும் உறைய வைக்கும் சிகிச்சையில்தான். அதனால் அதை மட்டும் நாள் வாரியாகச் சொல்கிறேன்.

வலிக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

முதல் நாள். பிடிப்பான் இழுக்கும்போது அழுத்தம் தெரியும், பிறகு கடும் குளிர், ஐந்து பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். உண்மையான வலி அதை எடுத்த பிறகுதான். அந்த இடம் உறைந்த வெண்ணெய்க் கட்டி போல விறைத்து நிற்கும். அதை இரண்டு நிமிடம் கையால் அழுத்திப் பிசைந்து விடுவார்கள். பலர் 'இதுதான் பொறுக்க முடியவில்லை' என்று சொல்வது அந்த இரண்டு நிமிடத்தை. ரத்தம் திரும்பி ஓடும்போது ஊசி குத்துவது போல இருக்கும்.

முதல் மூன்று நாட்கள். சிவப்பு, வீக்கம், கன்றிய நிறம், மேஜை முனையில் இடித்துக்கொண்டது போன்ற நோவு. இடுப்புச் சுற்றளவு முன்பைவிடக் கூடக்கூட இருக்கலாம். டேப்பை எடுத்து அளந்து பார்த்து மனம் உடையாதீர்கள். அது வீக்கம்.

மூன்றாம் நாள் முதல் இரண்டு வாரம் வரை. இதுதான் யாரும் சொல்லாத பகுதி. முதல் இரண்டு நாள் சுலபமாகப் போனது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, சிலருக்கு திடீரென்று புதிதாக ஒரு வலி கிளம்பும். சுரீர் என்று குத்தும். மின்சாரம் பாய்வது போல இருக்கும். எரியும். நைட்டித் துணி உரசினாலே கூசும். ராத்திரியில் அதிகமாகும், தூக்கம் கெடும். வயிற்றில் செய்துகொண்ட பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குளிரால் சீண்டப்பட்ட சிறு நரம்புகள் விழித்துக்கொள்ளும்போது வரும் வலி இது. எல்லோருக்கும் வராது. வந்தவர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். வழக்கமான வலி மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காமல் போகலாம். நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் போனால் எழுதித் தருவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் முதல் இரண்டு மாதம் வரை. மரத்த உணர்வு, சில்லிட்ட உணர்வு, அரிப்பு ஆகியவை மெல்லக் குறையும். செய்த இடத்தைத் தொட்டால் வேறு யாருடைய தோலையோ தொடுவது போல இருக்கும் என்பார்கள். பயப்பட வேண்டாம், உணர்வு திரும்பிவிடும்.

பலன் தெரிவது ஒரு மாதத்துக்குப் பிறகு. முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு இதைச் செய்துகொள்ளாதீர்கள். பலன் வராது. வீக்கத்தோடும் குத்தலோடும் மண்டபத்தில் நிற்பதுதான் மிச்சம். தையில் கல்யாணம் என்றால் ஐப்பசிக்குள் முடித்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

நம் வீடுகளில் வலி என்றதும் முதலில் வருவது வெந்நீர்ப் பை. தயவுசெய்து வேண்டாம். அந்த இடம் மரத்திருக்கிறது. சூடு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. இதமாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டு தூங்கிவிட்டால் காலையில் கொப்புளம்தான். ஐஸ் பையும் அதே போலத்தான். மரத்த தோலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

இரண்டாவது, தைலம். கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களை எரிச்சல் உள்ள தோலில் தேய்த்தால் எரிச்சல் கூடும். பாட்டி நீவி விடுகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

மூன்றாவது, இறுக்கம். இடுப்பு ஓரத்தில் செய்துகொண்டவர்கள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் அது சரியாக நோகும் இடத்தில்தான் அழுத்தும். மரத்திருப்பதால் தடம் பதிந்து புண்ணாகும் வரை தெரியாமலும் போகலாம். ஆண்களுக்கு பெல்ட். இரண்டு வாரம் தளர்வான உடை போதும். இறுக்கமான வயிற்றுப் பட்டை அணியலாமா என்பதைச் செய்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. நடக்கலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். உடற்பயிற்சியை உடம்பு சம்மதிக்கும் அளவுக்குத் தொடங்கலாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் கையில் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் அந்த இடத்தைப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு மருத்துவரிடம் விளக்க அது உதவும்.

நாட்காட்டிக்கு வெளியே வருபவை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காத்திருக்கக் கூடாதவை இவை.

தோல் வெளுத்தோ, சாம்பல் நிறமாகவோ, கறுப்பாகவோ மாறுவது, கொப்புளம் கிளம்புவது. இது குளிரால் ஏற்பட்ட காயமாக இருக்கலாம். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பு ஜெல் விரிப்பு வைப்பார்கள். அது விலகினாலோ, தரமற்றதாக இருந்தாலோ, போலிக் கருவியாக இருந்தாலோ இப்படி ஆகும். அன்றைக்கே காட்ட வேண்டும். ஹைஃபூ, லேசர் செய்துகொண்டவர்களுக்கும் தீக்காயம் போலத் தோன்றினால் இதே விதிதான்.

குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி நாளுக்கு நாள் கூடுவது, சிவப்பு பரவுவது, அதோடு காய்ச்சல். இது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

தொப்புள் அருகிலோ, பழைய ஆபரேஷன் தழும்பிலோ புடைப்பு தோன்றி, இருமினால் பெரிதாவது. இது ஹெர்னியா. அதோடு வாந்தியும், மலம் பிரியாமையும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வயிற்றின் ஆழத்தில் வலி, வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. இவை எதுவும் இந்தச் சிகிச்சையின் வலி அல்ல. இந்தச் சிகிச்சையின் வலி தோலிலும் அதன் அடியிலும் இருக்கும். 'அன்றைக்குச் செய்துகொண்டோமே, அதனால்தான் இருக்கும்' என்று அதன் மீது பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால், குடல்வாலையோ பித்தப்பையையோ இதயத்தையோ தவற விட்டுவிடுவோம்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. நம் வளாகத்தைச் சேராத ஒரு பெண்மணி. வீட்டில் சொல்லாமல் வயிற்றில் செய்துகொண்டார். ஐந்தாம் நாள் இரவு குத்தல் ஆரம்பித்தது. வாயு என்று வீட்டில் சொன்னார். மாமியார் பெருங்காயம் போட்டு மோர் கொடுத்தார். மறுநாளும் நிற்கவில்லை. கணவர் பயந்துபோய் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரவு முழுக்கக் கண்காணிப்பு. எல்லாம் இயல்பாக இருந்தது. கணவர் பக்கத்திலேயே நின்றதால் மருத்துவரிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. வயிற்றில் இருந்த கன்றிய தடத்தைப் பார்த்த நர்ஸ் ஒருவர், கணவரை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. நரம்பு வலிக்கு மருந்து கொடுத்தார்கள். அன்று இரவு அவர் தூங்கினார்.

அவர் தப்பு செய்தார் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் அப்படி மறைக்க நேர்ந்ததுதான் எனக்கு வருத்தம். கால் சுளுக்கினால் சொல்கிறோம். பல் பிடுங்கினால் சொல்கிறோம். இதையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லும்படி இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும், குறிப்பாக ஆண்களும், 'உனக்கு இது தேவையா' என்ற கேள்வியை வலி தீர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வலிக்காத ஒரு பக்க விளைவு

ஒரே ஒரு விஷயம் மட்டும் வலி இல்லாமல் வருவது. உறைய வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக, சில மாதங்கள் கழித்து அதிகமாகி, கெட்டியாக, பிடிப்பான் வைத்த வடிவத்திலேயே புடைத்து நிற்பது. பாரடாக்சிகல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியா என்று பெயர். 2014ல் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது. ஏறக்குறைய 20,000 சிகிச்சைகளில் ஒன்று என்ற கணக்கு அப்போது சொல்லப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அதைவிட அதிகம் என்கின்றன. ஆண்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இது தானாகக் கரையாது. உணவுக் கட்டுப்பாட்டிலும் போகாது. லைபோசக்ஷன் போன்ற அறுவை சிகிச்சைதான் வழி. கத்தி வேண்டாம் என்று போனவருக்குக் கடைசியில் கத்தி.

கனடாவைச் சேர்ந்த புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா, தனக்கு இது வந்தது என்றும், அதனால் பல ஆண்டுகள் யாரையும் பார்க்காமல் ஒதுங்கியே வாழ்ந்தேன் என்றும் 2021 செப்டம்பரில் வெளிப்படையாக எழுதினார். வழக்கும் தொடர்ந்தார். 2022ல் அது சமரசத்தில் முடிந்தது. உலகமே பார்த்த முகம். அவராலேயே ஐந்து ஆண்டுகள் வெளியே சொல்ல முடியவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தயக்கம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, வலி நின்றதோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடாமல், ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கெட்டியாக எதுவும் வளர்வதாகத் தோன்றினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'இன்னொரு செஷன் போட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணம் கட்டும் முன்

யார் செய்துகொள்ளக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். கர்ப்பிணிகள், செய்யும் இடத்தில் ஹெர்னியா உள்ளவர்கள், குளிர் பட்டால் ரத்தம் பாதிக்கப்படும் கிரையோகுளோபுலினீமியா போன்ற அபூர்வ நோய்கள் உள்ளவர்கள் உறைய வைக்கும் சிகிச்சை பக்கமே போகக் கூடாது. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகிறவர்கள், சர்க்கரையால் உணர்வு குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிசேரியன் தழும்பு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காந்த அலைக் கருவி என்றால், பேஸ்மேக்கர் அல்லது உடலில் உலோகம் பொருத்தியவர்களுக்கு அது கூடாது. காப்பர் டி போட்டிருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, இது எடைக் குறைப்பு அல்ல. இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற கொழுப்புக்கு மட்டும்தான் இது. நம் ஊர் ஆண்கள் பலருக்கு இருக்கும் கெட்டியான பானை வயிறு, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்ந்த கொழுப்பு. எந்தப் பிடிப்பானுக்கும் அது எட்டாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காரணமாவது அந்தக் கொழுப்புதான். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்ற வரம்பைத் தாண்டினால், பாக்கெட்டில் இருக்கும் பணத்தை முதலில் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு நல்ல காலணிக்கும் செலவிடுங்கள். நம் வளாகத்தைச் சுற்றி நடக்கக் கட்டணம் இல்லை.

மூன்றாவது, கேட்க வேண்டிய கேள்விகள். என்னை முதலில் பரிசோதிப்பவர் மருத்துவரா? அவருடைய பதிவு எண் என்ன? கருவியின் பெயர் என்ன, யார் தயாரிப்பு? ராத்திரி பத்து மணிக்கு வலி வந்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள்? பக்க விளைவு வந்தால் செலவு யாருடையது? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு செஷனுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலாவதின் பலனைப் பார்க்கவே மூன்று மாதம் ஆகும்போது, ஆறுக்கு இன்றே ஏன் கட்ட வேண்டும்?

நான்காவது, காகிதம். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகல், ரசீது, செய்த தேதி, செய்த இடம், எத்தனை நிமிடம் என்ற குறிப்பு ஆகியவற்றை வாங்கி வையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், எதிர்பார்த்த வலியைத் தாங்கிவிடலாம். எதிர்பாராத வலிதான் பயத்தைக் கொடுக்கும். நான் சொன்ன நாட்காட்டியை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ஒட்ட முடியவில்லை, வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்றால், சிகிச்சைக்குப் போகும் முன் வீட்டில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி நேரம்

கேள்வி: கரைந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து இதயத்தை அடைக்காதா?

பதில்: பலரும் கேட்கும் கேள்வி. கொழுப்பு ஒரே நாளில் ரத்தத்தில் கொட்டுவதில்லை. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் அகற்றப்படுகிறது. சிகிச்சைக்குப் பிறகு ரத்தக் கொழுப்பையும் கல்லீரல் பரிசோதனைகளையும் அளந்து பார்த்த ஆய்வுகளில், கவலைப்படும்படியான மாற்றம் காணப்படவில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் எரிச்சல் உண்டு. அம்மாவும் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள்.

பதில்: ஆசையில் தப்பில்லை. வயது மட்டும் தடை இல்லை. ஆனால் பாத எரிச்சல் நரம்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம். அப்படிப்பட்டவர்களுக்குக் குளிர், சூடு இரண்டிலும் காயம் தெரியாமல் போகலாம். புண் ஆறுவதும் தாமதமாகும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, முதலில் அவர்களுடைய சர்க்கரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. மார்பில் சதை இருக்கிறது என்று ஸ்கூலில் கிண்டல் செய்கிறார்கள். இந்தச் சிகிச்சை செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஆண் பிள்ளைகளுக்கு மார்புச் சுரப்பி பெரிதாவது சாதாரணம். பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாகக் குறையும். அது சுரப்பி என்பதால் உறைய வைத்தாலும் போகாது. மருத்துவரிடம் ஒரு முறை காட்டிக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கிண்டலைப் பற்றிப் பள்ளியில் பேசுங்கள். பையனிடமும் பேசுங்கள்.

கேள்வி: வலி மாத்திரை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: கல்லீரல் நோயோ மதுப் பழக்கமோ இல்லாத பெரியவர்கள் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மிகாமல் எடுக்கலாம். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மெடிக்கல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு அவை கெடுதல் செய்யலாம். மூன்று நாள் மாத்திரை போட்டும் தூக்கம் கெடுகிறது என்றால், வேண்டியது இன்னொரு மாத்திரை அல்ல, மருத்துவர்.

கேள்வி: செய்த இடத்தில் கொப்புளம் வந்து, சென்டரில் கேட்டால் 'உங்கள் தோல் அப்படி' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் வேறொரு தோல் மருத்துவரிடம் காயத்துக்குச் சிகிச்சை பெறுங்கள். சண்டை பிறகு. காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள். செய்தது மருத்துவர் என்றால், எழுத்துப்பூர்வமாகக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.